நாச்சித் தீவின் தலைப்பிரசவம்

தை பிறந்து ஆறாம் நாள், நடுப்பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டில், கழுத்தளவுத் தண்ணீரில் நாற்பத்தாறு பெண்கள் பாசி பறித்துக்கொண்டிருந்தபோது, நாச்சித் தீவு பிள்ளை பெற்றது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. விடிந்ததிலிருந்தே தீவின் தாழம்புதர்கள் காற்றில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்ததும், கரையோரத்து நண்டுகளெல்லாம் பொந்தை விட்டு வெளியேறி, பிரசவ அறையை விட்டு வெளியே அனுப்பப்பட்ட ஆம்பிளைகள் மாதிரி வரிசையாகத் தள்ளி உட்கார்ந்திருந்ததும் பெண்கள் பார்த்ததுதான். பிறகு தண்ணீர் வடிகஞ்சி போல வெளுத்தது. தாய் ஓரிடத்தில் நின்று முக்க, பிள்ளை முக்கால் மைல் தள்ளி நடுப்பாரின் ஓரத்தில் முதுகு காட்டியது. கயிற்றுக்கட்டில் அகலம் இருக்கும். கறுத்து, ஈரமாய், மேலெல்லாம் பவளப்பூச்சி ஒட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக் கிடந்தது.

பஞ்சவர்ணம் முங்குகண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ஆம்பளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையா மதினி?" என்று கேட்டாள்.

"மொதல்ல தள்ளி நில்லுங்கடி. ஈரம் காயட்டும்" என்றாள் நம்புமாரி.

அவள்தான் அந்த நாற்பத்தாறு பேருக்கும் முன்னால் நிற்கிறவள். இரண்டு வத்தைப் படகு வைத்திருந்தாள், இரண்டும் சொந்தக் கையால் தேறியவை. ஒன்பது வயதில் இறால் தலை கிள்ளப் போய், பதினான்கில் பாசிக்கு முங்கி, முப்பதில் உடைந்த வத்தை ஒன்றைப் பேசிப் பேசியே வாங்கி மிதக்கவிட்டவள். பேரம் பேசாமல் அவள் எதையும் வாங்கியதில்லை. கோயிலில் கொடுக்கிற திருநீற்றைக்கூட, இன்னும் கொஞ்சம் போடுங்க சாமி, ஊருக்கே நாந்தான் கத்திக்கிட்டுத் திரியுறேன் என்று கேட்டு வாங்குவாள். கோபம் முதலில் வரும், நியாயம் பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்துகொள்ளும். அன்றைக்கும் எல்லாரும் பிள்ளையைப் பார்க்க, அவள் மட்டும் பிள்ளை கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"இம்புட்டுக் கடல் கெடக்கு. போயும் போயும் நம்ம பார் மேலயா பெத்துப் போடணும்?" என்றாள். அதற்குமேல் அன்றைக்கு அவள் ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

அந்தக் கரைக்கு முன்னால் பதினேழு தீவுகள், தெற்கும் மேற்குமாக வளைந்து, யாரோ நடந்துபோகும்போது மடியிலிருந்து சிந்திய புளியங்கொட்டைகள் போல ஒன்றன் பின் ஒன்றாகக் கிடந்தன. முதலாவது மொட்டைத் திடல், இரண்டாவது ஒத்தப்பனை, மூன்றாவது நாச்சி, கடைசியில், மற்ற யாரோடும் சேராமல், மரமும் இல்லாமல் மனுசரும் இல்லாமல் ஆலாப் பறவைகளை மட்டும் வைத்துக்கொண்டு முறைத்து நிற்கிற ஒத்தக்கல். நாச்சி, இந்தப் பெண்களின் ஊரான அடம்பங்குடிக்கு நேர் எதிரே நின்றாள். ஆனியிலும் ஆடியிலும் கச்சான் காற்று எழும்பும்போது, கடல் முதலில் அவள் முதுகில்தான் அடிக்கும், மிச்சம்தான் ஊருக்கு வரும். அடம்பங்குடியின் முன்வரிசைக் குடிசைகள் நிற்பது அவள் வாங்குகிற அடியில்தான்.

தீவுகளைக் காப்பாற்றவென்று அரசாங்கம் ஒரு விதி வைத்திருந்தது. எந்தத் தீவுக்கும் அரை மைலுக்குள் பாசி பறிக்கக் கூடாது, வலை போடக் கூடாது. ஒவ்வொரு தீவைச் சுற்றியும் வரைபடத்தில் ஒரு வட்டம். பதினேழு வட்டமும் போட்டு முடித்தபோது, மரிக்கொழுந்துப் பாசி விளைகிற இடமெல்லாம் உள்ளே போய், வெளியே மிஞ்சியது நடுப்பார் ஒன்றுதான். அதையும் உள்ளே இழுக்கப் பார்த்தார்கள். நம்புமாரி இரண்டு மழைக்காலம் அந்த அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, உள்ளே போகிறவரையும் வெளியே வருகிறவரையும் பிடித்துப் பேசி, கடைசியில் அவள் தொல்லை தாளாமல் நடுப்பாரை வட்டத்துக்கு வெளியே விட்டார்கள். நாற்பத்தாறு அடுப்பும் அந்தப் பாரில்தான் எரிந்தன.

பிள்ளை பிறந்தால் தீட்டு. பதினாறு நாள் யாரும் நாச்சிக்குப் பக்கத்தில் வத்தை கொண்டுபோகவில்லை. மஞ்சள் கரைத்த தண்ணீரைக் குடம்குடமாகக் கடலில் ஊற்றினார்கள். வேப்பிலைக் கொத்தை மூங்கிலில் கட்டிப் பிள்ளைக்கு நேரே நட்டார்கள். பிள்ளைக்காரிக்குப் பிரசவ லேகியமான காயம் கொடுக்க வேண்டுமே என்று யாரோ சொல்ல, சுக்கும் திப்பிலியும் இடித்து, கருப்பட்டி போட்டுக் கிண்டி, பூவரச இலையில் வைத்துத் தண்ணீரில் விட்டார்கள், அது நேராக நாச்சியின் கரைக்குப் போய் ஒதுங்கியது. மூன்றாம் நாள் பிள்ளையைச் சுற்றித் தண்ணீர் லேசாகப் பால் நிறத்தில் இருந்தது. பால் இறங்கிவிட்டது என்று பெண்கள் நிம்மதியானார்கள்.

அப்பன் யார் என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது. மொட்டைத் திடல் என்றார்கள் சிலர், அது எப்போதுமே நாச்சியைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. இல்லை, போன வருசம் வழிதப்பி வந்து இரண்டு நாள் நங்கூரம் போட்டுக் கிடந்த நிலக்கரிக் கப்பல்தான் என்றார்கள் வேறு சிலர். பஞ்சவர்ணம், "கப்பல்காரன் பிள்ளைன்னா பொறக்கும்போதே புகை விட்டிருக்கும்" என்று அந்தக் கட்சியை ஒரே வார்த்தையில் அடித்துப் போட்டாள்.

அதைவிடப் பெரிய வழக்கு தாய்வீடு யாருடையது என்பது. அடம்பங்குடிக்கு வடக்கே கொம்பன்துறை. அதன் கடல் தலைவர் சாத்தையா, நம்புமாரியின் அக்காளைக் கட்டிய மச்சான், ஏழு வத்தைக்காரர், காதில் கடுக்கன், வாயில் குத்தல். இரண்டு ஊரும் கடற்கரை மணலில் எதிரெதிரே உட்கார்ந்தன.

"நாச்சியோட தலை எங்க பக்கம் இருக்கு. கால்தான் உங்க பக்கம்" என்றார் சாத்தையா. "தலை இருக்கிற பக்கந்தான் தாய்வீடு."

நம்புமாரி எழுந்து நின்றாள். "ஆடியில யாருக்கு முன்னால நின்னு அடி வாங்குறா? உங்களுக்கா எங்களுக்கா? ஒரு பொம்பள யாருக்காக அடி வாங்குறாளோ அதுதான் மச்சான் அவ பொறந்த வீடு."

"அப்படிப் பாத்தா அது புருஷன் வீடுல்ல?" என்றார் சாத்தையா. இரண்டு ஊரும் சிரித்தன.

"எங்க அக்காகிட்டக் கேட்டுச் சொல்லுறேன், அவதான உம்மகிட்ட வாங்குறவ" என்றாள் நம்புமாரி. கொம்பன்துறைப் பெண்கள் தங்கள் தலைவரை மறந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வழக்கு அங்கேயே முடிந்தது. அடம்பங்குடிதான் தாய்வீடு. கொம்பன்துறைக்குப் பெரியம்மா வீடு என்று ஒரு மரியாதை ஒதுக்கினார்கள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைத் தொட்டிலில் போடும் நாளில், தாய்வீட்டு வாசல் மணலை ஒரு கைப்பிடி கொண்டுபோய்த் தொட்டிலுக்கு அடியில் போட வேண்டும். அதற்குத் தொட்டில்மண் என்று பெயர். பிள்ளை தரிப்பதும் தேறுவதும் அந்த மண்ணில்தான். மனுசப் பிள்ளைக்கு ஒரு கைப்பிடி சரி, தீவுப் பிள்ளைக்கு எவ்வளவு? வீட்டுக்கு ஒரு கைப்பிடி என்று அடம்பங்குடி முடிவு செய்து, நூற்றுப் பன்னிரண்டு வீட்டு வாசல் மணலை அள்ளிக்கொண்டுபோய்ப் பிள்ளையின் முதுகில் தூவியது. மறுநாள், வழக்கில் தோற்ற கொம்பன்துறை, பெரியம்மா வீட்டுச் சீர் என்று வீட்டுக்கு ஒரு கூடை மணல் கொண்டுவந்து கொட்டியது. கொட்டிவிட்டுச் சாத்தையா துண்டை உதறித் தோளில் போட்ட தோரணையை நம்புமாரி கரையிலிருந்து பார்த்தாள்.

அவ்வளவுதான். மறுநாள் அவளுடைய இரண்டு வத்தையிலும் விளிம்பு தட்ட மணல். அதற்கு மறுநாள் கொம்பன்துறையிலிருந்து ஏழு வத்தை. பிறகு மணலோடு சிப்பி, சிப்பியோடு பவளக்கல், கல்லோடு கிணற்றடி வண்டல், இப்படி எட்டு நாள், யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல், தலைமேல் சுமந்தும் வத்தையில் ஏற்றியும் இரண்டு ஊரும் சீர் செய்ய, பிள்ளை கட்டில் அகலத்திலிருந்து களத்துமேட்டு அகலத்துக்கு வளர்ந்து, கடல் ஏற்றத்திலும் தண்ணீருக்கு மேலே முதுகு தெரிய, கொழுகொழுவென்று கிடந்தது. யார் வந்து பார்த்தாலும் திருஷ்டிப் பொட்டு வைக்கத் தோன்றும். ஒரு நாள் மணல் கொட்டுவதற்கு முன்னால் பஞ்சவர்ணம் ஒரு பானைத் தாரைக் கொண்டுபோய் வடக்கு மூலையில் பொட்டும் வைத்துவிட்டாள்.

தை முடிகிற நேரத்தில் ஞானசிகாமணி வந்து இறங்கினார். ஆள் ஒல்லி, தொப்பியைக் கயிறு போட்டுத் தாடையில் கட்டியிருந்தார், இரண்டு பெட்டி நிறையக் கருவி. பதினேழு தீவையும் நடந்து அளந்து, மண் எடுத்து, செடி கொடி, பறவை, நண்டு, நத்தை எல்லாவற்றையும் எழுதி, புது வரைபடம் போட அரசாங்கம் அனுப்பியவர். ஊரில் அவருக்கு அளவு சார் என்று பெயர் விழுந்தது. தினமும் கடலில் வாந்தி எடுத்தார், எடுத்து முடித்ததும் வாயைக் கொப்புளித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து எழுதுவார். அதனாலேயே நம்புமாரிக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று. அவள் வத்தையில்தான் போனார்.

பிள்ளையைக் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பெட்டியைத் திறந்து, புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டி, "எப்பப் பிறந்தது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இருபது நாள், காலையும் மாலையும் அங்கே உட்கார்ந்து, யார் யார் வந்தார்கள் என்று எழுதினார். முதலில் வந்தது ஒரு பேய்நண்டு, வந்தவுடன் வாசல் தோண்டியது. அடுத்து ஒரு உள்ளான் குருவி, காலில் சேற்றோடு வந்து, அந்தச் சேற்றில் கோரை விதை ஒன்றை விட்டுவிட்டுப் போனது. அடம்பங்கொடியின் கொட்டை அலையில் உருண்டு வந்து இரண்டு இலை விட்டது. ராவணன்மீசைப் புல்லின் விதைப்பந்து காற்றில் உருண்டு வந்து முள்ளை ஊன்றி நின்றது. நீர்க்காகம் மீன்முள்ளும் எச்சமும் வைத்தது. இந்த மாதிரிப் புதுத்தீவுக்கு உயிர்கள் இப்படித்தான் ஒன்றன் பின் ஒன்றாக வந்து சேரும் என்று அவர் விளக்க, பஞ்சவர்ணம், "பிள்ளை பாக்க வாரவுக வெறுங்கையோட வருவாகளா சார்?" என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

நம்புமாரிக்குப் பெருமை பிடிபடவில்லை. "சொந்தக் கையால மண்ணு போட்டு வளத்தது சார். வெளக்கமா எழுதுங்க."

"மாசிப் பௌர்ணமி வரட்டும்மா" என்றார் அவர். "அன்னைக்குத்தான் இந்த வருசத்துப் பெரிய ஏற்றம். மதியம் ரெண்டு மணிக்கு உச்சம். அப்ப ஒரு முழம் தண்ணிக்கு மேல தெரிஞ்சா இது பதினெட்டாவது தீவு. வரைபடத்துல ஏறிடும். தெரியலைன்னா வெறும் பார்."

"ஏறட்டுமே. நல்லதுதானே?"

"தீவுன்னு ஏறிட்டா அதைச் சுத்தியும் அரை மைல் வட்டம் வந்துடும்."

நம்புமாரி துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். வத்தை தானாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது. பிள்ளை கிடந்தது நடுப்பாரின் ஓரத்தில், அதிலிருந்து அரை மைல் என்றால் நடுப்பாரில் ஒரு சாண் மிஞ்சாது. எட்டு நாள் யார் மணலைக் கொட்டினார்கள் என்று அவளுக்குத் தெரியும். யார் வீம்புக்குக் கொட்டினார்கள் என்றும் தெரியும். கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அளவு சார் மேல் உட்கார்ந்தது.

"எழுதாதீக" என்றாள்.

"இருக்கிறதை இல்லைன்னு எழுத மாட்டேம்மா."

"அரை முழம்னு போடுங்க."

"அரை முழம் இருந்தா அரை முழம் போடறேன்."

"ஒரு வருசம் கழிச்சு எழுதுங்க. எங்க வழக்கத்துல காது குத்துற வரைக்கும் பிள்ளைக்குப் பேரே வைக்க மாட்டோம். பேரில்லாதத எப்படி எழுதுவீக?"

"எண் போட்டு எழுதுவேன்."

"நீரு மனுசந்தானா?" என்று கேட்டுவிட்டு, அவருடைய அளவுகோலைப் பிடுங்கிக் கடலில் வீசினாள். வீசிய பிறகு, அது அரசாங்கக் கோலாயிற்றே என்று நினைத்து, தானே குதித்து முங்கி எடுத்து வந்து, துடைத்து, அவர் கையில் கொடுத்தாள். அவர் நன்றி சொன்னார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஊரைக் கூட்டினாள். மணலை அள்ளிவிடலாம், போட்ட கைதானே என்றாள். ஊர் ஒரே குரலில் மறுத்தது. போட்ட தொட்டில்மண்ணை அள்ளினால் பிள்ளை தங்காது, அள்ளிய கையும் விளங்காது. நாற்பத்தாறு பெண்களும்கூட, அடுப்பு அணையப்போவது தெரிந்தே, தலையைக் குனிந்துகொண்டு மாட்டோம் என்றார்கள். கொம்பன்துறைக்கு ஆள் அனுப்பினாள். "அவுக மண்ண அவுக அள்ளட்டும், எங்க மண்ணுல கைய வச்சா நடக்குறதே வேற" என்று பதில் வந்தது. எது யார் மண் என்று பிரிப்பதற்கு அந்தக் கடவுளாலும் முடியாது.

மறுநாள் காலை அவள் தனியாகக் கூடையோடு போனாள். பிள்ளையின் முதுகில் ஏறி நின்றாள். மணல் இளஞ்சூடாக இருந்தது. அடம்பங்கொடி மூன்றாவது இலை விட்டிருந்தது. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பிள்ளையைத் திட்டினாள், பிறகு தாயைத் திட்டினாள், பிறகு வெறுங்கூடையோடு திரும்பினாள்.

பௌர்ணமிக்கு ஆறு நாள் இருக்கும்போது, அளவு சார் கரையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, பதினேழு தீவின் மண்ணையும் பதினேழு குவியலாக வைத்துக் காயப்போட்டிருந்தார். பதினெட்டாவது குவியல் பிள்ளையுடையது. எல்லாரும் போட்ட மணலுக்கெல்லாம் அடியில், பிறந்த உடம்பிலிருந்து குடைந்து எடுத்தது. அதைக் குவிகண்ணாடியில் பார்த்து, அவர் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் அதிசயம்?" என்று கேட்டபடி வந்தாள் நம்புமாரி. அவரோடு பேசக் கூடாது என்ற சபதம் நான்கு நாளில் சலித்துவிட்டிருந்தது.

"இந்தச் செவப்புத் துகளைப் பாருங்க. நாச்சித் தீவு மண்ணு வெள்ளை. பக்கத்துத் தீவுங்க எல்லாமே வெள்ளை. இந்தச் செவப்பு இந்த வரிசையிலேயே ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. ஒத்தக்கல்லுல. அங்கேயிருந்து எப்படி வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியலை."

நம்புமாரி அவரை ஒரு கணம் பரிதாபமாகப் பார்த்தாள். "உங்களுக்குக் கலியாணம் ஆயிருச்சா சார்?"

"இல்லைம்மா."

"அதான்" என்றாள். பிறகு, கோபம் வந்தால் போகிற வேகத்தைவிட வேகமாக ஊருக்குள் நடந்தாள்.

அப்பன் அகப்பட்டுவிட்டான். ஊருக்கு அது பெரிய செய்தி. ஒத்தக்கல்லா, அந்த முசுடா என்று வாய்பிளந்தவர்களும், நான் அப்போதே நினைத்தேன் என்று பொய் சொன்னவர்களும் அடங்கும்வரை காத்திருந்து நம்புமாரி சொன்னாள்: "தாய்வீடு நாமதான்னு சண்ட போட்டு வாங்கியாச்சு. தாய்வீட்டுக்குப் பிரசவம் பாக்குற கடமை மட்டுந்தானா? பிள்ளையும் தாயுமாப் புருஷன் வீட்டுக்கு அனுப்பி வைக்கிற கடமை யாருக்கு?"

ஊர் யோசித்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பிறந்த வீட்டில் நாள்பட வைத்துக்கொண்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பஞ்சவர்ணம் மட்டும், "நாச்சி போயிட்டா ஆடியில நம்ம கதி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நம்புமாரி தனக்குள் ஏற்கெனவே நாலு தடவை கேட்டுவிட்டிருந்தாள். "அத நான் பேசிக்கிறேன்" என்றாள்.

பேசப் போனாள். வட்டத்துக்குள் தண்ணீரில் கை வைக்கத்தான் கூடாது, நடக்கக் கூடாது என்று யாரும் எழுதவில்லை. நாச்சியின் கரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு பகல் முழுக்கப் பேசினாள். நல்லபடியாகக் கேட்டாள். நாற்பத்தாறு பேர் கணக்கைச் சொன்னாள். நீ ஒரு பொம்பள, உனக்குத் தெரியாதா என்றாள். தீவுகள் பதில் சொல்வதில்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் வெயில் சாயும்போது, அவள் நீட்டியிருந்த கால்களை மணல் மெல்ல மெல்ல மூடிக் கணுக்கால்வரை ஏறி, விடாமல் பிடித்துக்கொண்டது.

"இப்படிப் புடிச்சா எப்படிடி?" என்றாள் நம்புமாரி. அவள் குரல் அப்படி இறங்கி யாரும் கேட்டதில்லை. "எல்லாப் பொம்பளையும் போறதுதான். அத்துவிடவா போறோம்? தலையாடிக்கு அழைப்போம்ல? ஆடி ஒண்ணுக்கு நானே வந்து நிக்கிறேன், சீரோட. ஆடி முடியிற வரைக்கும் இங்கன இரு. ஆனிய நாங்க எப்படியும் சமாளிச்சுக்கிறோம், ஆடியிலதான் எங்களுக்கு நீ வேணும். உனக்கும் அங்கருந்து ஒரு மாசம் தப்பிச்ச மாதிரி இருக்கும். என்ன சொல்லுற?"

மணல் யோசித்தது. பிறகு ஒரு கால் விட்டது.

"இன்னொண்ணு?"

நாச்சி விடவில்லை. நம்புமாரிக்குப் புரிந்தது, அவளும் பேரம் பேசுகிறவள்தான். கூப்பிட ஆள் வராமல் தானாகப் புருஷன் வீட்டுக்கு நடந்து போகிற பெண்ணுக்கு அங்கே என்ன மரியாதை இருக்கும்?

"சரி. அவுகள வரவைக்கிறது எம் பொறுப்பு" என்றாள். இரண்டாவது காலும் விடுபட்டது.

மறுநாள் வத்தையை எடுத்துக்கொண்டு பதினேழாவது தீவுவரை போய், ஒத்தக்கல்லுக்கு வெளியே நின்று, அவனை என்ன கேட்டாளோ, எந்தத் தலைமுறை வரைக்கும் இழுத்தாளோ, கூடப்போன பஞ்சவர்ணம் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. பௌர்ணமியன்று காலையில் ஆலாப் பறவைகள் வந்தன. நாற்பது ஐம்பது இருக்கும், ஒத்தக்கல்லை விட்டு அசையாத பறவைகள். பிள்ளையைச் சுற்றி மூன்று வட்டம் போட்டு நாச்சியின் தாழைமேல் இறங்கின. ஒவ்வொன்றின் கால் நகத்திலும் செம்மண் ஒட்டியிருந்தது. புருஷன் வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். நம்புமாரி அவர்களை உடனே அனுப்பிவிடவில்லை, மரியாதைக்கு ஒரு நாழிகை காக்க வைத்தாள்.

பிறகு இரண்டு ஊர் வத்தைகளும் வரிசைகட்டின. சாத்தையாவும் வந்து, பெரியம்மா வீட்டுச் சார்பில் பிள்ளையின் முதுகில் ஒரு தென்னங்கன்றை நட்டார். குலவைச் சத்தம் எழும்ப, நாச்சி முதலில் வேர்களை ஒன்றொன்றாக உருவிக்கொண்டாள். கடலடியில் பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு நீண்ட முனகல் கேட்டது. பதினாயிரம் வருசம் நின்ற இடத்தை விட்டு அவள் நகர்ந்தபோது தண்ணீர் அங்கே ஒரு குழியாகச் சுழன்று மூடியது. நடுப்பாரின் ஓரத்துக்கு வந்ததும் கொஞ்சம் நின்று, பிள்ளையை இடப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு, தாழையும் பூவரசும் ஒரு பக்கமாகச் சாய, மேலே வெள்ளைக் குடையாக ஆலாக்கள் கூடவே வர, தென்மேற்கே போனாள். வழியில் நின்ற நாலாவது தீவு மட்டும் வழிவிட ஓரடி நகர்ந்துகொண்டது. பஞ்சவர்ணம் வைத்த திருஷ்டிப் பொட்டு கடைசிவரை தெரிந்தது.

மதியம் இரண்டு மணிக்கு ஞானசிகாமணி சொன்ன இடத்தில் கோலை இறக்கினார். கோல் போய்க்கொண்டே இருந்தது. இறங்கிய அளவை இரண்டு தடவை சரிபார்த்து எழுதினார். 'நடுப்பார். பெரிய ஏற்றத்தில் ஆழம் ஒன்றரை ஆள். தீவு இல்லை.' பிறகு பக்கத்தைத் திருப்பி, கொஞ்சம் தயங்கி, 'மூன்றாம் தீவு: இடத்தில் இல்லை, கணவர் வீட்டில்' என்று எழுதினார்.

"மேல இருக்கிறவங்க சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும் சார். சிரிச்சுக்கிட்டே யாரும் வட்டம் போட மாட்டாக."

அதோடு அவர் ஒத்தக்கல்லுக்குப் போய், அங்கே மூன்று பேராக நிற்பதை அளந்து, மூன்று பேருக்கும் சேர்த்து வட்டம் போட்டார். அங்கே பாசி விளைவதில்லை, யாருக்கும் நட்டமில்லை. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் நாற்பத்தாறு பெண்கள் நடுப்பாரில் முங்கினார்கள். தொட்டில்மண்ணின் சத்தோ என்னவோ, அந்த வருசம் போல மரிக்கொழுந்து எந்த வருசமும் விளைந்ததில்லை.

ஆனியில் கச்சான் எழும்பியது. தடுக்க நாச்சி இல்லை. கடல் நேராக ஊருக்குள் நடந்து வந்து முன்வரிசைக் குடிசைகளின் கதவைத் தட்டியது, பிறகு தட்டாமலே உள்ளே வந்தது. பதினோரு குடிசை போயிற்று. அதில் ஒன்று நம்புமாரியுடையது. பேரம் பேசிக் காத்தவள் என்று மாசியில் சொன்ன வாய்களெல்லாம் ஆனியில் மாற்றிச் சொல்லின. அவள் திருப்பித் திட்டவில்லை. பஞ்சவர்ணத்தின் வீட்டுக் கொல்லையில் படுதா கட்டி இருந்துகொண்டு, நாளை எண்ணினாள்.

ஆடி முதல் நாள், ஒருத்தரும் கடலில் கால் வைக்கத் துணியாத காற்றில், வத்தையில் சீரை ஏற்றினாள். புதுப்பாய், மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம், இடிந்துபோன தன் வாசல் மணல் ஒரு கைப்பிடி. பஞ்சவர்ணம் தலையில் அடித்துக்கொண்டே கூட ஏறினாள். "செத்தா ஒன்னாலதான் மதினி." "சாகிறப்ப சொல்லு, கேட்டுக்கிறேன்." மேற்கே பாதித் தூரம்கூடப் போகவில்லை. மழைத்திரைக்குப் பின்னால், அலையை முதுகில் வாங்கிக்கொண்டு, தாழை தலைவிரித்தாட, எதிரே அவளே வந்துகொண்டிருந்தாள். பின்னால் பிள்ளை, முதுகில் நட்ட தென்னங்கன்று இப்போது இடுப்புயரம், தவழ்ந்து தவழ்ந்து.

சாயங்காலத்துக்குள் நாச்சி தன் பழைய குழியில் பொருந்தி உட்கார்ந்தாள். ஊருக்குள் வந்த அலை, யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்த மாதிரி பாதியில் திரும்பியது. அடம்பங்குடி முழுக்க நனைந்தபடி கரையில் நின்று குலவையிட்டது. நம்புமாரி மட்டும் வத்தையில் நின்று, நாச்சியின் மேற்குக் கரையை உற்றுப் பார்த்தாள். கரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மணல் மேடு தட்டி உப்பியிருந்தது. நண்டுகள் பொந்துக்கு வெளியே வந்து உட்கார ஆரம்பித்திருந்தன.

விரல் விட்டு எண்ணினாள். எப்படி எண்ணினாலும் தையில் வந்து நின்றது. பாசி கொழிக்கிற தை.

"அடிப் பாவி" என்று கடல் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "ஒண்ண அனுப்பி வச்ச களைப்பு இன்னும் தீரலடி எனக்கு! அந்த முசுடனுக்கு வேற வேலையே இல்லையா?" இன்னும் என்னென்னவோ சொன்னாள். கச்சான் அதில் பாதியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பிறகு வத்தையை நாச்சியின் கரையோரம் அணைத்து, இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, அந்தச் சரிந்த மணலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"வாய்க்கு என்னடி கேக்குது?" என்றாள்.